மாஸ்டருக்குத் தெரியாத போன்

ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் கற்றுக்கொண்டவர்கள். மீதிப் பேர் வேறு எங்கோ கற்றுக்கொண்டு வந்து மற்றவர்கள் உயிரை வாங்குகிறார்கள் என்பது அவருடைய அபிப்பிராயம். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் வருஷக்கணக்காக வேலை. அப்பா அம்மா வைத்த பெயர் சம்பள ரசீதில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. மற்றபடி முதலாளியிலிருந்து முக்குக்கடை டீக்காரர் வரை எல்லாருக்கும் அவர் மாஸ்டர்தான்.

பயிற்சி வண்டியில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் மிதிப்பதற்காக வைத்தது. மற்ற பயிற்சியாளர்கள் அதை மிதித்து மிதித்தே செருப்பைத் தேய்த்துவிடுவார்கள். நம் மாஸ்டர் லேசில் மிதிக்க மாட்டார். கை மடியில், கால் தரையில், பார்வை ரோட்டில். நாற்சந்தியின் நட்டநடுவில் வண்டி அணைந்துபோகும். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரனை அடித்துக் காதைக் கிழிப்பார்கள். ஓட்டுகிற பெண்ணுக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். மாஸ்டர் பார்க்கில் காற்று வாங்குகிறவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

"ஒண்ணும் அவசரமில்ல. பின்னாடி கத்தறவனும் ஒரு நாள் இதே மாதிரி நின்னவன்தான். சாவியைத் திருப்புங்க. கிளட்ச்சை மெதுவா விடுங்க. நான் தொட மாட்டேன். நீங்கதான் எடுக்கணும்."

எடுத்துவிடுவார்கள். கற்றுக்கொண்டு உரிமம் வாங்கிப் போனவர்கள் அப்புறம் அவர் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அவருக்கு அதில் வருத்தமும் இல்லை. "நல்லாக் கத்துக்கிட்டவன் போயிடணும். திரும்பி வந்தான்னா நான் சரியாச் சொல்லிக் குடுக்கலன்னு அர்த்தம்" என்பார்.

இப்பேர்ப்பட்ட பொறுமைசாலி, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது பொறுமையையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அதுவும் போன் விஷயம் என்றால் கேட்கவே வேண்டாம்.

சொந்தக்காரர்கள் வீடுகளில் இருக்கிற போனெல்லாம் மாஸ்டர் பார்த்து வாங்கிக் கொடுத்தவை. எல்லாம் ஆண்ட்ராய்டு. யாராவது வேறு பக்கம் லேசாகத் திரும்பினால்கூட, "அது நமக்கு சரிப்பட்டு வராது" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். நமக்கு என்றால் அவருக்கு. அவருக்குத் தெரிந்த போன் அதுதான். எந்த போனில் எது மக்கர் பண்ணினாலும் கொண்டுவந்து நீட்டுவார்கள். "குடு இங்க" என்று வாங்குவார், டக் டக்கென்று நாலு தட்டு, "இந்தா." என்ன ஆயிற்று, எப்படிச் சரியாயிற்று என்று கேட்டால், "அதெல்லாம் உனக்கு எதுக்கு? மறுபடி வந்தா எங்கிட்ட குடு" என்பார். இத்தனை வருஷத்தில் அந்தக் குடும்பத்தில் ஒருத்தராவது எதையாவது கற்றுக்கொண்டார்களா என்றால், ஊஹூம்.

இதில் வெளியூரில் இருக்கிற அவருடைய அக்கா தனி ரகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் டாண் என்று கூப்பிடுவார்.

"டேய், இந்த போன்ல எழுத்தெல்லாம் திடீர்னு பூதாகாரமா ஆயிடுச்சுடா."

தூரத்தில் இருக்கிற போனைத் தன் போனிலேயே திறந்து இயக்குகிற ஒரு வசதியை மாஸ்டர் அக்காவுக்கும் போட்டுக் கொடுத்திருந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே தட்டுவார். "ஆச்சு. வெச்சிடறேன்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. அம்மா போன பிறகு அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் மிச்சமிருந்த போக்குவரத்து இது ஒன்றுதான். நலம் விசாரித்துப் பேசுகிற பழக்கம் மாஸ்டருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த போன் வராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அக்காவின் போனில் ஏதாவது கோளாறு வரவேண்டுமே என்று வாரம் முழுக்க உள்ளூர வேண்டிக்கொள்கிற தம்பி, உலகத்திலேயே அவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

பள்ளி அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிற பெண் ஒருத்தி இருந்தாள். அவள் கையில் ஐபோன். டீ வேளையில் அவளை வம்புக்கிழுக்காவிட்டால் மாஸ்டருக்கு டீ தொண்டைக்குக் கீழே இறங்காது.

"நம்ம போன்னா நம்ம இஷ்டத்துக்கு இருக்கணும்மா. எது எங்க இருக்கணும்னு நான் சொல்லணும். அது எனக்குச் சொல்லக் கூடாது."

"நான் எதுக்கு மாஸ்டர் சொல்லணும்? அதுவே பாத்துக்கிட்டா எனக்கு வேலை மிச்சம்."

"அது அடிமை வாழ்க்கை."

"சுகமா இருக்கே, மாஸ்டர்!"

மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார். முந்தின பக்கத்துக்குப் போகிற முக்கோணப் பட்டன் திரையின் அடியிலேயே இருப்பதன் பெருமையைப் பற்றி மட்டும் அவர் பிஸ்கட் தீரும் வரைக்கும் பேசுவார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த இன்னொரு போனை அவர் அதுவரை கையால் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

இப்படி இருக்கையில், ஒரு சாயங்காலம் அவர் மனைவி ஒரு புது ஐபோனோடு வீட்டுக்கு வந்தார்.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். தெருவில் அவரைக் கண்ணாடியம்மா என்பார்கள். கடைக்கு வருகிறவர்கள் கண்ணில் சட்டத்தை மாட்டி, கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இல்ல இதுவா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பது அவர் வேலை. எது சரி என்று அவராகச் சொல்லவே மாட்டார். எத்தனை தடவை மாற்றிச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். அப்படிப்பட்டவர் டப்பாவைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்ததும் மாஸ்டருக்குக் காபி புரை ஏறியது.

"இது என்ன?"

"போன்."

"அது தெரியுது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்தான்."

"அதான் கேக்கல" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியம்மா டப்பாவைப் பிரித்தார். வாங்குவதற்கு யாரையும் ஒரு காசு கேட்கவில்லை என்பதால் மாஸ்டருக்குச் சண்டை போட அந்த வழியும் அடைத்துக்கொண்டது.

மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்து பார்த்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. சரி, எப்படியும் எங்கேயாவது மாட்டிக்கொண்டு முழிப்பாள், அப்போது வரட்டும் என்று காத்திருந்தார். கண்ணாடியம்மா சோபாவில் காலை மடக்கிப் போட்டு உட்கார்ந்து, மூக்குநுனிக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, அந்த போனை நோண்டுவார். நடுநடுவே "அடடே" என்பார். "ஓஹோ, இங்கதான் இருக்கியா?" என்பார். ஒரு தடவை "சீ, கழுதை" என்றார். மாஸ்டர் காதைத் தீட்டிக்கொண்டு எழுந்து நின்றார். "அட, வந்துடுச்சு" என்றார் கண்ணாடியம்மா. மாஸ்டர் தண்ணீர் குடிக்க எழுந்த மாதிரி சமையலறைக்குப் போய், தாகமில்லாத வயிற்றில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்தார். குட்டி போட்ட பூனை மாதிரி அறைக்கும் கூடத்துக்கும் நடந்ததுதான் மிச்சம்.

கடைசியில் பொறுக்க முடியவில்லை. மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து மேஜைமேல் இருந்த போனை எடுத்தார். சும்மா பார்க்கத்தான். கட்டைவிரல் பழக்கதோஷத்தில் அடியில் போய் அந்த முக்கோணத்தைத் தேடியது. இல்லை. பக்கவாட்டில் தேடியது. அங்கேயும் இல்லை. திரை ஓரத்தில் ஒரு சின்ன விளக்குப் படம் தெரிந்தது. அதை அழுத்தினார். போனின் முதுகில் பளீரென்று டார்ச் எரிந்தது. மறுபடி தட்டினார், அணையவில்லை. பக்கத்துப் பட்டனை அமுக்கினார். திரைதான் இருண்டது, விளக்கு ஜெகஜோதியாக அப்படியே இருந்தது. குளியலறையில் குழாய் நிற்கிற சத்தம் கேட்டது. ஊருக்கே தைரியம் சொல்கிற மாஸ்டர் திருடன் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார். போனைச் சோபா இடுக்கில் செருகி, அதன்மேல் உட்கார்ந்து, பேப்பரை விரித்துக்கொண்டார்.

கண்ணாடியம்மா தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

"என்னங்க, சோபா ஏன் எரியுது?"

மாஸ்டர் பேப்பரை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தார். கண்ணாடியம்மா வந்து, அவரை லேசாகத் தள்ளி, போனை உருவி, அந்த விளக்குப் படத்தின்மேல் விரலைக் கொஞ்ச நேரம் வைத்து அழுத்தினார். அணைந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட மாஸ்டருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து அவர் விசாரணையில் இறங்கினார். எதற்காக ஒருத்தர் இந்த போனை விட்டுவிட்டு அந்த போனுக்குப் போகிறார்? கணக்குப் பெண்ணைக் கேட்டார்.

"எங்க அண்ணி அதான் வெச்சிருக்காங்க, மாஸ்டர். ஏதாச்சும்னா அவங்களைக் கேக்கலாம்ல."

"அவ்வளவுதானா? கேமரா, பாதுகாப்பு, அதெல்லாம்?"

"அதெல்லாம் இருக்கும். நான் பாத்ததில்ல."

முதலாளியைக் கேட்டார். "என் மச்சான் வாங்கிட்டான். நான் மட்டும் கைகட்டிட்டு நிக்க முடியுமா?" என்றார். வண்டியைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொண்டிருந்த ஒரு பல் டாக்டரைக் கேட்டார். "இதுக்கு முன்னாடி இருந்ததும் இதுதான் மாஸ்டர், மாத்தப் பயம்" என்று சொல்லி அவர் நடைபாதையில் ஏற்றிவிட்டார். அன்றைக்குத்தான் மாஸ்டர் பல வருஷம் கழித்துத் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். டீ வேளைகளில் தொண்டை கிழியப் பேசிய காரணங்களில் ஒன்றைக்கூட ஒருத்தரும் சொல்லவில்லை என்பது அவருக்குப் பெரிய ஏமாற்றம்.

கடைசியில் கேட்க வேண்டிய ஆளையே கேட்டார். சாப்பிட்டு முடித்துக் கண்ணாடியம்மா தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். மாஸ்டர் துடைக்கிற துணியோடு பக்கத்தில் போய் நின்றார்.

"கோபப்படாம சொல்லு. எதுக்கு அதை வாங்கினே?"

"நிஜமாச் சொல்லணுமா?"

"சொல்லு."

"இந்த போன் ஒசத்தி, அந்த போன் மட்டம்னு எனக்கு ஒண்ணும் இல்லைங்க. உங்களுக்குத் தெரியாத போனா இருக்கணும். அவ்வளவுதான்."

மாஸ்டர் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டார்.

"அன்னிக்கு ஒருத்தர் உடைஞ்ச கண்ணாடியோட கடைக்கு வந்தார். அதைப் படம் எடுத்துப் பட்டறைக்கு அனுப்பணும். போன்ல இடமில்லன்னு வந்துச்சு. எதை அழிக்கிறது, எப்படி அழிக்கிறது, எனக்கு ஒண்ணும் தெரியல. உங்களைக் கூப்பிட்டா நீங்க வண்டில இருக்கீங்க. அந்த மனுஷன் முன்னாடி, எங்க வீட்டுக்காரர் வந்ததும் அனுப்பறேன்னு சொன்னேன். அவர் சிரிச்சுட்டார். நாள் முழுக்க ஊருக்கெல்லாம் பார்வை சரி பண்ணித் தர்றவ நான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"எங்கிட்டச் சொல்லியிருந்தா..."

"சொன்னா 'குடு இங்க'ம்பீங்க. போன் என்னுது, விரல் உங்களுது. யார் யாரோ வந்து உக்கார்றாங்க, அவங்களுக்கெல்லாம் நான் தொட மாட்டேன், நீங்களே எடுங்கன்னு எவ்வளவு அழகாச் சொல்லித் தர்றீங்க. ஊரே பாராட்டுது. எனக்கு ஒரு நாளாவது அப்படிச் சொல்லிக் குடுத்தீங்களா?"

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மாஸ்டருக்குச் சுருக்கென்று தைத்தது. கையிலிருந்த துணியை முறுக்கினார்.

"அவங்க கத்துக்கிட்டுப் போயிடணும். அதுக்குத்தான் சொல்லித் தர்றேன்" என்றார் மெதுவாக. "நீங்கல்லாம் கத்துக்கிட்டா... அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிடுவீங்க?"

கண்ணாடியம்மா திரும்பிப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனுஷன் வாயிலிருந்து இப்படி ஒன்று வந்ததில்லை. சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"நான் எங்க போகப் போறேன்? கழுவ வேண்டிய பாத்திரம் இவ்வளவு கிடக்கு, துடைக்க ஆள் வேணுமே எனக்கு. பிடிங்க தட்டை."

"நீ இருப்பே. அக்கா?"

கண்ணாடியம்மா பதில் சொல்லாமல் குழாயை இறுக்கி மூடினார். அந்த மௌனம் மாஸ்டருக்குப் பிடிக்கவே இல்லை. அதற்குக் காரணம் அந்த வாரமே தெரிந்துபோனது. அக்காவும் ஐபோன் வாங்கிவிட்டார். வாங்கி மூன்று நாள் ஆகிவிட்டதாம். எப்படித் திறப்பது, எப்படிப் பேசுவது என்று எல்லாவற்றையும் கண்ணாடியம்மா போனிலேயே, "இது தெரியுதா அண்ணி, இல்ல அதுவா?" என்று கேட்டுக் கேட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அக்காவும் சமர்த்தாகப் பிடித்துக்கொண்டுவிட்டாராம். சொந்த வீட்டிலேயே இப்படி ஒரு பயிற்சிப் பள்ளி நடந்திருக்கிறது. மாஸ்டருக்கு மட்டும் தகவல் இல்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தவர், இந்த வசனத்தை ஏற்கெனவே பேசியாயிற்று என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாஸ்டர் சீக்கிரமே எழுந்து, சவரம் செய்து, வழக்கமாக உட்காரும் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். போனை எதிரில் வைத்தார். அது பாட்டுக்குக் கிடந்தது. பேப்பரை எடுத்தார், ஒரு வரி ஏறவில்லை. சத்தம் குறைத்து வைத்திருக்கிறோமோ என்று சந்தேகம் வந்து கூட்டி வைத்தார். சார்ஜ் இருந்தது, சிக்னல் இருந்தது, எல்லாம் கச்சிதமாக இருந்தது. இனி அக்காவின் போனில் எது கெட்டாலும் தூரத்திலிருந்து உள்ளே போய்ச் சரிபண்ண அவரால் முடியாது. எதற்காகக் கூப்பிடுவாள்? தானே கூப்பிடலாமே என்றும் ஒரு யோசனை ஓடியது. கூப்பிட்டு என்ன சொல்வது? போனில் ஏதாவது கோளாறா என்று கேட்கலாம். இல்லை என்பாள். அப்புறம்? அதற்கு மேல் அவருக்கு ஓடவில்லை. அறுபதை எட்டப்போகிற மனுஷன், சொந்த அக்காவைக் கூப்பிடச் சாக்கு கிடைக்காமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போன் அடித்தது. அக்கா.

மாஸ்டர் பாய்ந்து எடுத்தார். "என்ன ஆச்சுக்கா? போன்ல என்ன?"

"போனுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு."

"இரு, அவகிட்டக் குடுக்கறேன். இந்த போனைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது."

"அவகிட்டப் பேசணும்னா அவளைக் கூப்பிட மாட்டேனா? உன்னைத்தாண்டா கூப்பிட்டேன்."

"எதுக்கு?"

"எதுக்காம்! கேக்கறான் பாரு கேள்வி. சும்மாதான்."

அக்காதான் தொடர்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை ஆனா உன்னைக் கூப்பிட்டேனே, எல்லாம் ரிப்பேருக்குன்னு நெனச்சியா? பாதி நாள் அந்த போனுக்கு ஒண்ணுமே ஆகியிருக்காது. நானே எதையாவது தட்டிக் கெடுத்துட்டுத்தான் கூப்பிடுவேன்."

"ஏன்க்கா?"

"பின்ன என்ன பண்றது? எப்படி இருக்கேன்னு கேட்டா, நல்லா இருக்கேன், வேலையிருக்குன்னு வெச்சிடுவே. போன் கெட்டுப்போச்சுன்னா கொஞ்ச நேரமாவது லைன்ல இருப்பியேன்னு பாத்தேன். அதுலயும் நீ படுசமர்த்து. டக்குனு சரி பண்ணிட்டு வெச்சிடுவே. நான் சொல்ல வந்தது என் வாய்க்குள்ளயே நின்னுடும். அதான், உன் பொண்டாட்டி சொன்னதும் இந்த போனை வாங்கினேன். இதுல உனக்குத் தட்டறதுக்கு ஒண்ணுமே இல்லையாமே? இனிமே நீ பேசித்தான் ஆகணும்."

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடியம்மா உள்ளே போனார். மாஸ்டர் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். கனைத்துக்கொண்டார்.

"சொல்லுக்கா. என்ன சொல்லணும்?"

"எதைன்னு சொல்ல? நிறைய சேந்து போச்சு." அக்கா கொஞ்சம் நிறுத்தினார். "எங்க வீட்டுக்காரர் மாடிப்படியில விழுந்து ஆஸ்பத்திரில கிடந்தார், அதுலேருந்து ஆரம்பிக்கறேன்."

"மாமா விழுந்தாரா? எப்போ?"

"போன வருஷம்டா."

மாஸ்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, மறுபடி உட்கார்ந்தார்.

"சொல்லு" என்றார்.